சாம்பல் நிற அம்புகள்

பிப்ரவரி 11

என் மேசை ஆய்வகக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் வந்து அதைத் திறந்தாலும் முழங்கை சில்லென்று ஆகிவிடும். “கொஞ்சம் தள்ளும்மா” என்பார்கள். தள்ளுவேன். இங்கே சேர்ந்ததிலிருந்து நான் அதிகம் செய்த வேலை தள்ளி உட்கார்வதுதான்.

இன்று எங்கள் ஆய்வகத் தலைவர் சார் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். “நம்மகிட்ட ரெண்டு சாஃப்ட்வேர் இருக்கு. இனிமே எதை வெச்சு மீனோட மாடல் கட்டலாம்னு நீ பாத்து ரெண்டு பக்கம் எழுதிக் குடு. நீ புதுசு. எந்தப் பக்கமும் சாய மாட்ட.”

“பாத்து சாயும்மா, அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் இருக்கு” என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும். அக்கா ஆய்வுப் பட்டத்துக்கான கடைசி வருஷத்தில் இருப்பவர். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சாயங்காலம் அம்மா போன். என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டாள். ஒரு மீன் தின்பது அதன் உடம்புக்குள் என்னென்னவாக மாறுகிறது, எது சதையாகிறது, எது பித்தநீராகிறது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கணக்காகக் கட்டுவோம், அப்புறம் தீவனத்தில் இதைக் குறைத்தால் மீன் வளருமா என்று அந்தக் கணக்கிடம் கேட்போம் என்றேன்.

“மீனுக்கே போட்டுப் பாத்துட்டா தெரிஞ்சிடப் போகுது?”

“மாசக்கணக்கா ஆகும்மா. செத்தும் போகும்.”

“அது சரி. பக்கத்து வீட்ல கேட்டாங்க, மீன் டாக்டர்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு வந்து இல்லைன்னு சொல்லிடாத.”

பிப்ரவரி 13

முதல் மென்பொருளுக்கு ஆய்வகத்தில் ‘பொத்தான்’ என்று பெயர். திரை முழுக்கப் பொத்தான்கள். மீனின் மரபணுப் பட்டியலைக் கொடுத்தேன், ஒரு பொத்தானை அழுத்தினேன், தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ‘வளர்கிறது’ என்று பச்சை எழுத்தில் காட்டியது.

யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி சந்தோஷம்.

படமாகவும் வரைந்து காட்டுகிறது. ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும் ஒவ்வொரு வினைக்கும் ஓர் அம்பு. பெரும்பாலும் அடர்நீலம். நடுநடுவே சில அம்புகள் மட்டும் சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக. குறைவாக ஓடும் பாதைகள் போலிருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது.

இது முதலில் பாக்டீரியாவுக்காகச் செய்யப்பட்டது என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஒற்றைச் செல். மீனுக்கோ ஈரல் வேறு, குடல் வேறு, தசை வேறு. பொத்தான் அத்தனையையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. இதையும் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14

இரண்டாவது, ‘கருப்புத் திரை’. பொத்தானே கிடையாது, எல்லாம் தட்டச்சு செய்ய வேண்டும். அக்கா வருஷக்கணக்காக இதில்தான் மீனைக் கட்டி வருகிறார். உறுப்பு உறுப்பாக, நடுவில் இரத்தம் ஓட. எந்த வினையைச் சேர்த்தாலும் ‘ஆதாரம்?’ என்று கேட்கும். ஆதாரம் இல்லாவிட்டால் அந்த இடத்தை ஓட்டையாகவே விட்டுவிடும். ஓட்டை இருந்தால் சங்கிலி அறுந்து, மாடல் வளராது. அக்காவின் பழைய மடிக்கணினியில் முழு மீனை ஓட்டவும் முடியாது, பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆய்வகத்தின் சர்வரில் ஏற்றினால் ஓடும். எந்த மென்பொருள் என்று முடிவாகாததால் யாரும் இதுவரை ஏற்றவில்லை. அதை ஏற்றிப் பார்ப்பதுதான் என் வேலை. “அவகிட்ட போய்க் கேக்காத, அவ பக்கம் இழுத்துடுவா” என்று சார் சொல்லியிருந்தார்.

ஒருமுறை ஏற்றினேன். லைசென்ஸ் இல்லை என்று நின்றது. அதைப் போட வேண்டியவர் சர்வர் அறையில் இருக்கும் அண்ணன். போனேன். உள்ளே இன்னும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, இது லைசென்ஸ் கேக்குது…”

“எது?”

திரையில் வந்ததை வாசிக்கத் தெரியாமல் வாசித்தேன். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்திருக்க வேண்டும்.

“இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலையா? டிகிரி எங்கம்மா வாங்கின, கடையிலயா?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்? “அப்புறமா வரேண்ணே” என்று வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் கடிகாரத்தைக் கழற்றி அலமாரி மேல் சாய்த்துவிட்டு, அந்த ஆணியில் என் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மணி பார்க்க எட்டி எட்டிப் பார்க்கிறார் அப்பா. அந்தக் கடையில்தான் அண்ணே வாங்கினேன்.

பிப்ரவரி 17

அறிக்கை முடிந்தது.

பொத்தான்: நிறுவுவது எளிது. மாடல் வளர்ந்தது. கருப்புத் திரை: ‘பலமுறை முயன்றும் நிறுவ இயலவில்லை.’

முதலில் ‘நிறுவ இயலவில்லை’ என்று மட்டும்தான் எழுதினேன். வாசித்தால் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. ‘பலமுறை முயன்றும்’ சேர்த்ததும் வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. பாக்டீரியா விஷயத்தைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறேன்.

திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம். நாளைக்குப் போகலாமா? அறிக்கை நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 19

கூட்டம். சார் என் இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்தார். ‘பலமுறை’ வந்தபோது நான் மேசையில் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வளர்ந்துச்சுன்னு போட்டிருக்கே, ஓட்டையெல்லாம் எப்படி அடைஞ்சுது?” என்று கேட்டார் அக்கா. என்னைப் பார்த்து இல்லை, சாரைப் பார்த்து.

“அது அடைச்சுக்குது. உன் மாடல் ரெண்டு வருஷமா வளர மாட்டேன்னு அடம்பிடிக்குதே, அதை விடவா?”

“என்னை மாதிரியே வளர்த்துட்டேன் சார்.”

சிரிப்பு. அதோடு முடிந்தது. இனி எல்லாருக்கும் பொத்தான்தான். அக்காவின் கடைசி அத்தியாயமும் அதிலேயே.

வெளியே வந்ததும் அக்கா என் தோளில் கை வைத்தார். “விடு. நீயாவது பல தடவ முயற்சி பண்ணிப் பாத்தியே. இங்க யாரும் ஒரு தடவகூட ஏத்திப் பாக்கல.”

அந்தக் கை இருந்த இடம் இன்னும் கனக்கிற மாதிரியே இருக்கிறது.

மார்ச் 10

தொட்டிகளில் சோதனை ஆரம்பம்.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். இது கடல் மீன். வழக்கமாக மீன்தூள் கலந்த தீவனம் தின்னும். அக்கா மீன்தூளுக்குப் பதில் முழுக்கத் தாவரத் தூள் போட்டுப் பார்க்கிறார். தாவரத்தில் டாரின் என்ற பொருள் கிடையாது. பித்தநீருக்கு அது வேண்டும். சில மீன்கள் டாரினைத் தானே உடம்பில் செய்துகொள்ளும், சில செய்யாது. இந்த மீன் எந்த வகை என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மாடலிடம் கேட்டோம். பொத்தான் சொன்னது: டாரின் போடாவிட்டாலும் வளரும். அதனால் போடவில்லை.

அக்காவுக்கு வேறொரு ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அதற்குள் இந்த அத்தியாயத்தை முடித்து ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். “இந்த மீனுங்க ஒழுங்கா தின்னு குண்டாயிட்டா நான் போயிடுவேன், உனக்கு என் ஜன்னலோரச் சீட்டு” என்றார்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற மாமா எல்லா மீனுக்கும் பொதுவாக ஒரு சொற்பொழிவு நடத்திவிட்டுத்தான் தீவனம் போடுகிறார். “இன்னைலேருந்து நீங்கெல்லாம் சைவம். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

மார்ச் 24

தின்கின்றன. அக்கா தராசுக்கு முன்னால் பாட்டு முணுமுணுக்கிறார்.

ஏப்ரல் 9

தீவனம் கொஞ்சம் மிதந்துகொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் விழுவதற்குள் கவ்விக்கொள்ளும்.

“புது மோட்டார் சத்தம் போடுது பாப்பா. இதுங்களுக்குத் தூக்கமில்ல. நமக்கே தூக்கமில்லைன்னா சோறு இறங்குமா?” என்றார் மாமா. மோட்டாருக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பை மடித்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 16

நிதானமாக எழுத வேண்டும்.

அக்கா ஒரு கருத்தரங்குக்காகச் சுவரொட்டி தயாரிக்கிறார். அதற்குப் பித்தநீர் பக்கத்துப் படம் மட்டும் பெரிதாக வேண்டும் என்றார். பொத்தானைத் திறந்து அந்த மூலையைப் பெரிதாக்கினேன். டாரினுக்குப் போகும் ஒரே அம்பு சாம்பல் நிறம். புள்ளி புள்ளியாக. குறைவாக ஓடும் பாதைதானே, நீலமாக மாற்றிவிட்டால் சுவரொட்டியில் நன்றாகத் தெரியும் என்று அதன்மேல் சொடுக்கினேன்.

ஒரு சின்னப் பெட்டி திறந்தது. ‘ஆதாரம்: இல்லை. மாடல் வளர்வதற்காகச் சேர்க்கப்பட்டது.’

அடுத்த சாம்பல் அம்பைச் சொடுக்கினேன். அதே வாக்கியம். அதற்கடுத்தது. அதே.

சாம்பல் என்றால் குறைவு இல்லை. சாம்பல் என்றால் இல்லவே இல்லை. மீனிடம் அந்த மரபணு இருப்பதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. சங்கிலி அறுந்து நின்ற இடத்தில், எங்கோ ஏதோ ஒரு உயிரிடம் இருக்கும் வினையை எடுத்து ஒட்டவைத்துவிட்டு, ‘வளர்கிறது’ என்று பச்சை எழுத்தில் எனக்குக் காட்டியிருக்கிறது. நானும் அழகாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். இதோ, இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில்.

அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: “படம் ரெடியா?”

“இன்னும் கொஞ்ச நேரம் அக்கா.”

ஏப்ரல் 17

சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? அம்பு விஷயம் மட்டும் என்றால் சொல்லிவிடலாம். பொத்தான் செய்த தப்பு என்று ஆகும். ஆனால் அடுத்த கேள்வி வரும். கருப்புத் திரையை ஏன் ஏற்றவில்லை? சர்வரில் அது ஓடியிருந்தால் தீவனம் கலப்பதற்கு முன்பே தெரிந்திருக்குமே? பலமுறை என்றால் எத்தனை முறை?

ஒருவேளை மீனுக்கு உண்மையிலேயே அந்த வினை இருக்கலாம். பொத்தான் குருட்டாம்போக்கில் சரியாகவே ஒட்டியிருக்கலாம். இருக்கலாம் இல்லையா?

மீன் தின்ன மாட்டேன் என்கிறதே. அதற்கு என்ன சொல்கிறாய்?

ஏப்ரல் 21

காலையில் இரண்டு தொட்டிகளில் மீன்கள் செத்து மிதந்தன.

சார் தொட்டி அறைக்கே வந்துவிட்டார். மாமாவை என் கண் முன்னால் பிடித்துக்கொண்டார். “தண்ணி மாத்தினீங்களா இல்லையா? வடிகட்டியைக் கழுவி எவ்வளவு நாளாச்சு?”

“நேத்துதான் சார் கழுவினேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், நீங்களே பாருங்க.”

“கண்ணாடி மாதிரி இருந்தா எதுக்கு சாகுது? அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கட்டும்.”

மாமா வடிகட்டியைக் கழற்றி நீட்டிக் காட்டினார். சார் போன பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “மோட்டார் பாப்பா. நான் சொன்னா யாரு கேக்குறா. மோட்டார்தான்.”

நான் தலையாட்டினேன். ஆமாம் மாமா, மோட்டார்தான் என்பது போல. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தலையைத்தான் ஆட்டினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சீ.

ஏப்ரல் 22

இன்றும் சொல்லவில்லை. மாமா வடிகட்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்ததையே.

ஏப்ரல் 24

சொல்லிவிட்டேன். நானாகத் திட்டமிட்டுச் சொன்னேன் என்று பொய் எழுத மாட்டேன். தாங்க முடியாமல் வந்துவிட்டது.

மதியம் அக்கா செத்த மீனை அறுத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈரல் பச்சையாக இருந்தது. இலைப் பச்சை இல்லை, பாசி பிடித்த சுவரின் பச்சை. அடுத்ததும் அப்படியே.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரலை விரலால் புரட்டிப் பார்த்தார். அப்புறம் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: “எண்ணெய் கெட்டுப்போயிருக்கணும். தீவனத்துல கலக்குறப்ப நான் முகர்ந்து பாத்தேனா? பாக்கல. என் தப்பு. அவசரத்துல கலந்துட்டேன். எல்லாத்தையும் நானே கெடுத்துக்கிட்டேன்.”

“எண்ணெய் இல்ல அக்கா.”

“பின்ன?”

“டாரின். அது இல்லாமதான் பித்தம் ஈரல்ல தேங்கிப் பச்சையாயிடுச்சு. அந்த வினை… அது மீன்கிட்ட இல்ல அக்கா. பொத்தான் தானா ஒட்டினது. சாம்பல் அம்பு. நான் அதை… குறைவா ஓடுறதுன்னு நெனச்சிட்டேன்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

“எப்போ தெரியும் உனக்கு?”

“போன வாரம்.”

“போன வாரம்.”

“சொல்லணும்னு தான்… தினமும்… பயமா இருந்துச்சு அக்கா.”

“நான் ஒண்ணும் உன்னைத் தின்னுட மாட்டேனே.” குரல் உயரவே இல்லை. “கருப்புத் திரையைப் பல தடவ ஏத்திப் பாத்ததா எழுதியிருந்தியே?”

“ஒரு தடவ.”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதை மூடினார்.

“மொதல்ல மாமாகிட்ட போ. தண்ணியில தப்பில்லன்னு சொல்லு. அந்த மனுஷன் நாலு நாளா அந்த வடிகட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை புண்ணாகிக் கெடக்காரு. அப்புறம் சார்கிட்ட போ. என்கிட்ட நீ கடைசியா வந்திருந்தாகூடப் பரவால்ல.”

மாமாவிடம் போனேன். சொன்னேன். அவருக்கு வினையும் அம்பும் புரியவில்லை. “அப்போ மோட்டார் இல்லையா?” என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் ஏமாற்றமாக. பிறகு, “சார் முன்னாடி சொல்லுவியா பாப்பா? என்கிட்ட மட்டும் சொன்னா நான் என்ன செய்யுறது?”

ஏப்ரல் 25

சார் முன்னாடி சொன்னேன். மாமாவும் இருந்தார். நான்தான் வரச் சொன்னேன். ‘ஒரு தடவ’ என்ற சொல்லை விழுங்காமல் சொன்னேன்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “படிச்ச பொண்ணு, இப்படிப் பண்ணுவன்னு நெனைக்கல” என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு: “ஓட்டை எப்படி அடைஞ்சுதுன்னு அவ அன்னைக்கே கேட்டா. நான்தான் ஜோக் அடிச்சேன்.” மாமாவிடம், “மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். மாமா, “சரி சார், அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுடுங்க” என்றார். ஒப்பந்தத்தைச் சொல்கிறார். போட்டார்.

அங்கிருந்து நேராக சர்வர் அறை. கதவைத் தட்டினேன்.

அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, “என்ன எரர்?” என்றார். எழுத்து எழுத்தாக வாசித்தேன். இரண்டு வரி தட்டினார். “ஆச்சு. போ.”

ஆச்சு. அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“இதுக்குப் போய் இத்தனை மாசம் உக்காந்திருந்தீங்களா? அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?”

“அன்னைக்கே கேட்டேன் அண்ணே. டிகிரி கடையில வாங்கினியான்னு கேட்டீங்க.”

இப்போது திரும்பினார். “நானா?”

உண்மையிலேயே நினைவில்லை அவருக்கு. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. எனக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது அவருக்கு ஒரு மதிய வேளைப் பேச்சுகூட இல்லை. அதற்காகவா நான் அப்படி எழுதினேன்? இல்லை. அவர்மேல் தூக்கிப் போடாதே. அவர் சொன்னது ஒரு வாக்கியம். அறிக்கையை எழுதியது நீ.

மே 2

அக்காவின் முழு மீன் சர்வரில் ஓடுகிறது. ஈரல், குடல், தசை, நடுவில் இரத்தம். மிச்சம் இருந்த ஓட்டைகளை அக்கா ஆதாரம் தேடித் தேடி அடைத்தார், நான் தட்டச்சு செய்தேன். ஆதாரம் கிடைக்காததை அப்படியே விட்டோம், நல்லவேளையாக அவை வளர்ச்சிச் சங்கிலியை அறுக்கிற இடத்தில் இல்லை. தீவனத்தில் டாரினைப் போட்டால் வளர்கிறது. எடுத்தால் பித்தநீர் நின்றுபோகிறது, ‘வளரவில்லை’ என்று ஒரே வரி. பச்சை எழுத்தெல்லாம் கிடையாது.

மார்ச்சில் கேட்டிருந்தால் மார்ச்சிலேயே சொல்லியிருக்கும்.

சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். புதிய மீன்கள். பாதித் தொட்டிக்கு டாரின் உண்டு, பாதிக்கு இல்லை. மாடல் சொல்வதை இனி மீன்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனை முடிய ஜூலை ஆகிவிடும். அக்கா வேலைக்குச் சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். கோபமாகக்கூட இல்லை. நான் எடை சொன்னால் எழுந்து வந்து தராசைத் தானே ஒருமுறை பார்க்கிறார். நான் அளந்து வைத்த தூளை மறுபடி அளக்கிறார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்வதில்லை. தப்பாக ஒரு முறையும் இல்லை. ஆனாலும் பார்க்கிறார். பார்க்கட்டும். பார்க்கத்தான் வேண்டும்.

மே 19

அந்த நிலையத்திலிருந்து பதில் வந்துவிட்டது. காத்திருக்க முடியாதாம். வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா அதை வாசித்துவிட்டு மீனுக்குத் தீவனம் போடப் போனார்.

ஜூன் 7

ஜன்னலோரச் சீட்டை அக்கா காலி செய்யப் போவதில்லை. நான் குளிர்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறேன். நல்லவேளை. அங்கே போய் உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அம்மாவிடம் சொன்னேன். இத்தனை நாள் எல்லாம் நன்றாகப் போகிறது என்றே சொல்லி வந்தேன்.

“வேலையில பெரிய தப்பு பண்ணிட்டேன்மா. என்னால ஒருத்தங்களுக்கு நல்ல வேலை கைவிட்டுப் போயிடுச்சு.”

“உன்னைத் திட்டினாங்களா?”

“அவங்க திட்டல.”

“திட்டலைன்னா பெரிய தப்புதான்” என்றாள் அம்மா.

அப்புறம், “வேலையை விட்டுட்டு வந்துடப் போறியா?”

“இல்லம்மா. அவங்க சோதனை முடியணும். கூட ஆள் வேணும்.”

“அப்போ இரு. இருந்து முடிச்சுக் குடு.” போனை வைப்பதற்கு முன்: “அந்தச் சட்டத்தைக் கழட்டிட்டுக் கடிகாரத்தை மாட்டச் சொல்லவா அப்பாவை? கழுத்து வலிக்குதாம் அவருக்கு.”

பல நாள் கழித்து இன்றுதான் சிரித்தேன். மாட்டச் சொன்னேன். சான்றிதழ் அலமாரி மேல் இருக்கட்டும்.

ஜூன் 20

சார் கூட்டத்தில் என் பகுதியைக் கேட்டார். கொழுப்பு உருவாகும் பாதையில் நான் கட்டிய துண்டு.

“வளரல சார்” என்றேன்.

“ஏன்?”

“ஒரு இடத்துல ஓட்டை. ஆதாரம் கிடைக்கல. ஏன்னு இன்னும் தெரியல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடானது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

ஜூலை 8

இன்று மீன்களை அறுத்தோம்.

ஈரலின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எந்த மீன் எந்தத் தொட்டியில் இருந்து வந்தது என்று தெரிந்தவர் நிறம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எதைக் காண ஆசைப்படுகிறோமோ அந்த நிறத்தைக் கண்ணே பூசிவிடும். தொட்டிகள் அக்காவுக்கும் மாமாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள்.

“நீ பாரு” என்றார் அக்கா. நிற அட்டையை என் பக்கம் தள்ளினார். வெளிர்சிவப்பில் தொடங்கிப் பாசிப் பச்சை வரைக்கும் கட்டம் கட்டமாக இருக்கும் அட்டை. அவர் எனக்கு முதுகு காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, எழுதத் தயாரானார். மாமா கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து வைத்தார். “நல்லா தின்னுச்சுங்க பாப்பா இந்த தடவ” என்று ஆரம்பித்தவரை அக்கா, “மாமா, எது தின்னுச்சுன்னு சொல்லாதீங்க” என்று அடக்கினார். மாமா வாயில் விரல் வைத்துக்கொண்டார்.

முதல் மீன். கத்தியை வைக்கும்போதே மனசு சிவப்பு சிவப்பு என்றது. எல்லாமே சிவப்பாக இருந்துவிட்டால், என்னால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது போல. ஆனால் எல்லாமே சிவப்பாக இருந்தால் அக்காவின் அத்தியாயம் மறுபடி விழுந்துவிடும். பாதி பச்சையாக இருக்க வேண்டும். எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது. தெரியாததே எவ்வளவு நிம்மதி!

“ஓரத்துல பச்சை. அட்டையில நாலாவது கட்டம்.”

பேனா ஓடும் சத்தம். “அடுத்தது.”

“சிவப்பு. முதல் கட்டம்.”

“அடுத்தது.”

அப்படியே போனது. நடுவில் ஒன்று வந்தது. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், அட்டையைப் பக்கத்திலேயே வைத்தும் பார்த்தேன். சிவப்பு என்று சொன்னால் சிவப்பு. பழுப்பு என்று சொன்னால் பழுப்பு. மாமா கிண்ணத்தோடு காத்திருந்தார். அறையில் மோட்டார் சத்தம் மட்டும்.

“என்ன?” என்றார் அக்கா.

“தெரியல அக்கா. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இருக்கு. ஒண்ணா சொல்ல முடியல.”

அவர் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து வரப்போகிறார் என்று நினைத்துத் தட்டைக் கொஞ்சம் தள்ளி, அவர் நிற்க இடம் விட்டேன்.

“நடுவுலன்னே எழுதிக்கிறேன்” என்றார். “அடுத்தது.”

திரும்பிப் பார்க்கவில்லை.